ஈரமாய்க் கிடந்த வில்லை

மகள்,

என் கையெழுத்தை நீ கடைசியாகப் பார்த்தது உன் பள்ளிக்கூட றிப்போட்டில், பெற்றார் கையொப்பம் என்ற கோட்டுக்கு மேலேதான் இருக்கும். அதற்குப் பிறகு போனில் கதைத்ததோடு சரி. அதுவும் அம்மா கதைத்து முடித்த பிறகு, சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று இரண்டே கேள்வி. இந்த மூன்று வருடத்தில் அந்த இரண்டும் இல்லாமல் போய்விட்டன. நான் எழுதிப் பழகியதெல்லாம் துண்டுதான்: என்ன சாமான், எத்தனை மூடை, எந்த லொறி. ஆகவே இந்தக் கடிதம் முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கள் கோயில் பங்கு மலரில் ஊர் முழுக்க வாசிக்கும்படி எழுதுகிறேன். ஏன் என்பதை வாசிக்கிறவர்களும் கடைசிக்குள் அறிந்துகொள்வார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் போனுக்கு நீ அனுப்பியதை அவள் குசினியில் நின்றபடி எனக்கு வாசித்தாள். அடுத்த மாதம் கண்டியில் கலியாணம், எந்தக் கோயில், எத்தனை மணி, வருகிறவர்கள் எங்கே தங்கலாம், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாய். மாப்பிள்ளை உன்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர். நீயே தெரிந்தெடுத்தாய், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கடைசி வரிக்கு வந்ததும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. 'அப்பா வரட்டும். ஆனால் அங்கை ஒருத்தரோடையும் என்ரை வேலையைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அதுக்கு ஓமெண்டால் வரட்டும்.' எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. "ஒரு பகிடிக்கு மூண்டு வருசமோ?" என்று கேட்டேன். அதற்கு அம்மா சொன்ன பதில்தான் என்னை இந்த மேசையில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறது. அந்தப் பதிலுக்கு முதல் அந்தப் பகிடியைச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். தெரிந்தவர்களுக்கும் பாதிதான் தெரியும், நான் சொல்லித் திரிந்த பாதி.

நான் பழைய இரும்பு யாவாரி. மன்னாரில் தாராபுரம் பக்கமெல்லாம் சைக்கிள் கரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில் என் கையில் இருந்த ஒரே ஆயுதம், உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தம். முலாம் பூசிய இரும்பைப் பித்தளை என்று என் தலையில் கட்டப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் கதை முடிந்துவிடும். இப்போது யார்ட்டில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், லொறி நிற்கிறது, ஆனாலும் அந்தக் காந்தம் என் சட்டைப் பையில்தான் கிடக்கும். பூசைக்குப் புறப்படும்போது அம்மா அதை எடுத்து அலுமாரிக்கு மேலே வைப்பாள். நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது யார்ட்டுக்கு வந்து, அதை வாங்கிச் செம்புக் கம்பியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் அப்பா இது செம்பைப் பிடிக்குதில்லை என்று கேட்டாய். எந்தக் குவியலில் போடுவது என்று தெரிந்தால் காணும், ஏன் என்று கேட்டால் பொழுதுதான் போகும் என்றேன். நீ அந்தக் கேள்வியை விடவில்லை. அதைக் கண்டிவரைக்கும் கொண்டுபோய், அங்கேயே இருந்துகொண்டு கேட்கத் தொடங்கினாய்.

மூன்று வருடத்துக்கு முந்தி, அந்த மின்வெட்டுக் காலத்தில், திருநாளுக்கு நீ வந்திருந்தாய். அடுத்த நாள் மத்தியானம் உன்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர் என் சிநேகிதர், பள்ளிமுனையில் நாலு படகு வைத்திருக்கிற சம்மாட்டி. நீ மாமா என்று கூப்பிடுகிறவர். வெறுங்கையோடு வராமல் ஒரு றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் போட்டுப் பாரை மீனும் கொண்டுவந்து பின் விறாந்தையில் இறக்கி வைத்திருந்தார். கச்சான் காற்று நெருப்பாய் வீசிக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை, விசிறி இல்லை. வந்தவர்கள் கதிரையில் இருந்து லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த அந்தப் பெடியனின் தகப்பன் மரியாதையான மனுசன். பிள்ளை கண்டியில் என்ன செய்கிறா என்று உன்னைப் பார்த்தே கேட்டார். உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அறைக்குள் போய் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தாய். உள்ளே பஞ்சுக்கு மேலே ஏழெட்டுக் கறுப்பு வில்லைகள், மாத்திரை அளவு.

நீ சொன்னது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. லந்தனம், கல்சியம், ஸ்ரொன்சியம், மங்கனீசு என்று தூள்களை நிறுத்து, உரலில் மணிக்கணக்காய் அரைத்து, சூளையில் சுட்டு, சுட்டதைத் திரும்ப உடைத்து அரைத்து, அழுத்தி வில்லையாக்கி இன்னொருதரம் சுட்டது என்றாய். பெரோவ்ஸ்கைட் என்று இந்த மாதிரிப் பொருட்களின் குடும்பத்துக்குப் பேராம். "பார்க்க ஓடுதான், ஐயா. ஆனால் உள்ளுக்கை சில நேரம் கம்பி மாதிரிக் கரண்டைக் கொண்டுபோகும், சில நேரம் ஓடு மாதிரி மறிக்கும். காந்தத்தைக் கிட்டப் பிடிச்சால் அந்த மறிப்புக் குறையும். எப்ப, எவ்வளவு எண்டதைத்தான் நான் அளக்கிறன்." அந்தத் தகப்பன் குனிந்து பார்த்துவிட்டு, அப்ப உந்த வில்லையைக் காந்தம் பிடிக்குமோ, மகள், என்று கேட்டார். நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். எடுக்க முதல் நான் சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டேன்.

ஒரு வில்லையை எடுத்தேன், காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. திருப்பி வைத்தேன், ஒட்டவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் என் வீட்டில் எனக்குத் தெரியாத ஒன்றை என் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் உண்மைக் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. "நாப்பது வருசமா இந்தக் காந்தம் எனக்குப் பொய் சொன்னதில்லை. பிள்ளை சுட்டது நல்ல ஓடு. கூரைக்குப் போடலாம்" என்றேன். சம்மாட்டிக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது. ஒட்டாத காந்தம், ஒட்டாத காந்தம் என்று தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். நீ சத்தம் போடவில்லை. "அப்பா, இண்டைக்கு வெக்கை கூட. கொஞ்சம் குளிர வச்சால் ஒட்டும்" என்றாய். நான் விட்டேனா? பூசையில் நின்று மயங்கி விழுகிற பிள்ளைகளைப் போல வெக்கைக்குக் காந்தமும் மயங்குமோ என்று கேட்டேன். இரண்டாம் சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிது. அந்த மரியாதையான மனுசனும் சிரித்தார். நீ பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போனாய்.

இதுவரைக்கும்தான் ஊருக்குத் தெரியும். மற்றப் பாதி இது. அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஒரு வில்லை என் உள்ளங்கையிலேயே இருந்தது. பின் விறாந்தையில் மீன் பெட்டி திறந்தபடி. அம்மா உள்ளே, நீ அறையில், ஒருவரும் இல்லை. நான் அந்த வில்லையைப் பாரையின் செட்டைக்குப் பக்கத்தில் ஐஸுக்குள் அமத்தி வைத்தேன். ஒரு சுருட்டுப் பற்றவைத்து முடிக்கிற நேரம். பிறகு ஐஸைக் கிளறிக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். தொட முதலே அது துள்ளி வந்து ஒட்டியது. மகள், ஒரு இரும்பாணி ஒட்டுகிற மாதிரி. உள்ளங்கையை அதன்மேல் பொத்திக்கொண்டு நின்றேன். கைச்சூடு ஏற ஏறப் பிடி தளர்ந்து, வில்லை கழன்று கையில் விழுந்தது. நாலு தரம் செய்து பார்த்தேன். நாலு தரமும் நீ சொன்னபடிதான் நடந்தது. நீ சரி, நான் பிழை என்று அந்த அரைமணித்தியாலத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் உன் அறைக்கு வந்தேன். நீ முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாய். வில்லையைப் பெட்டிக்குள் மற்றவற்றோடு வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல யார்ட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு வாய் திறக்காததோடு நின்றிருந்தால்கூட ஒரு அளவு. அந்தப் பகிடியைப் பிறகும் நான் சொன்னேன். யார்ட்டில் சொன்னேன், பக்கத்து ஊரான கீரியில் ஒரு கலியாண வீட்டில் சொன்னேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகு போட்டுச் சொன்னேன். குளிர வைத்தால் ஒட்டும் என்று நீ சொன்ன வரியை விட்டுவிட்டுச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை, உனக்கும் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பேர் உன்னைப் பிடித்துக்கொண்டது. நத்தார்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு மனுசி என்னிடமே கேட்டாள், ஒட்டாத காந்தம் இந்த முறையும் வரேல்லையோ என்று. நான் சிரித்தேன். என் பிள்ளையின் பேரை இன்னொருத்தி அப்படிச் சொல்ல, கோயில் வாசலில் நின்று சிரித்தேன். ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், யாவாரி ஒருத்தன் தன் சோதனை பிழைத்தது என்று சொன்னால் அடுத்த மூடைக்கு அவன் சொல்லும் விலையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் யார்ட்டில் சோதனை எத்தனையோ தரம் பிழைத்திருக்கிறது, சிரித்துக்கொண்டே திருத்தியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் திருத்த முடிந்தது.

இப்போது அம்மாவின் பதில். ஒரு பகிடிக்கு மூன்று வருசமோ என்று நான் கேட்டதும் அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "பகிடிக்கில்லை. அண்டைக்கு அந்த வில்லை ஈரமாய்க் கிடந்ததாம். மீன் வெடுக்கு அடிச்சதாம்" என்றாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். நீ அன்றே அறிந்திருக்கிறாய். கிணற்றடியிலிருந்து வந்து, பெட்டியைத் திறந்து, கையில் எடுத்து, மணந்து பார்த்து, அப்பா ஐஸில் வைத்துப் பார்த்துவிட்டார், இனி வெளியே வந்து சொல்வார் என்று இராச் சாப்பாட்டுவரைக்கும் காத்திருந்தாயாம். நான் சாப்பாட்டு மேசையில் மீன் குழம்புக்கு உப்புக் காணாது என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. விடியப்புறம் முதல் பஸ்ஸில் நீ போய்விட்டாய். மூன்று வருடமாக இதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்து, கலியாணத்துக்கு நான் வரலாமா என்று அவள் கெஞ்சிக் கேட்டபோதுதான் சொன்னாயாம். எழும்பிப் போகப் பார்த்த என்னை அம்மா விடவில்லை. "ஒட்டாத காந்தம் எண்டு அவளைச் சொல்லித் திரிஞ்சியள். இஞ்சாருங்கோ, உங்கடை யார்ட்டிலை ஒட்டாததுக்குத்தானே ரெண்டு பூட்டுப் போட்டு வச்சிருக்கிறியள்?" செம்பு, பித்தளை, நல்ல ஸ்டெயின்லெஸ், எல்லாம் அந்தப் பூட்டுக்குள்ளேதான். ஒட்டுகிறது மழையில் கிடக்கும். என் தொழிலைக் கொண்டே பார்த்தாலும் என் பகிடி பிழை. அதை எனக்குச் சொல்லித்தர யார்ட்டுக்குள் கால் வைக்காத ஒரு மனுசி வேண்டியிருந்தது.

அடுத்த நாள் உனக்கு உயர்தரத்தில் பௌதிகம் படிப்பித்த, கீரியில் இருக்கிற ரீச்சரிடம் போனேன். நீ அம்மாவுக்கு அனுப்பிய உன் ஆய்வுப் புத்தகம் அலுமாரிக்குள் கிடந்தது, அதையும் கொண்டுபோனேன். அவர் ஒரு மத்தியானம் முழுக்க இருந்து எனக்கு விளங்கப்படுத்தினார். மங்கனீசும் மங்கனீசும் நடுவில் ஒரு ஒட்சிசனை வைத்துக்கொண்டு நிற்கின்றனவாம். ஒவ்வொரு மங்கனீசும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் ஒரே திசையைப் பார்த்தால் இலத்திரன் லேசாகத் தாண்டிப் போகும், கரண்ட் ஓடும். வெக்கை ஏறினால் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒவ்வொரு திசை பார்க்கும். அப்போது காந்தமும் விட்டுப்போகும், ஓட்டமும் மறிபடும். அந்த மாறுகிற எல்லையில் வெளியிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடித்தால் அவை திரும்ப ஒரு பக்கம் பார்க்கத் தொடங்கும், மின்தடை குறையும். நீ செய்தது என்னவென்றால், கல்சியத்தையும் ஸ்ரொன்சியத்தையும் கூட்டிக் குறைத்து, எங்கோ கடுங்குளிரில் கிடந்த அந்த எல்லையை மனிசர் இருக்கிற அறையின் சூட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்ததாம். கண்டி அறையில் ஒட்டும், மன்னார் வெக்கையில் விடும். ரீச்சர் சொன்னார், "அண்டைக்கு உங்கடை வீட்டிலை ஒட்டாமல் விட்டதுதான் ஐயா அவளின்ரை கெட்டித்தனம்." நான் பகிடி பண்ணியது உன் பிழையை அல்ல, நீ வருடக்கணக்காய் உரலில் அரைத்துக் கை கொப்பளித்துக் கண்டதை.

இதை ஊருக்கு ஒவ்வொருவராகச் சொல்லித் திருத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சம்மாட்டியிடம் போனேன். கரையில் வலைக்குப் பக்கத்தில் இருத்திவைத்து ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஓய், ஆறின சோத்தை ஏன் இப்ப கிண்டுறாய்?" என்றார். வலையில் ஒரு சிக்கை எடுத்துவிட்டு, அப்ப அது காந்தம்தானோ, என்றார். ஓம் என்றேன். "அப்ப நீ தெரிஞ்சுகொண்டுதான் கீரியிலை அந்தக் கதையை எனக்கு முன்னாலை சொன்னனீ." அதற்கும் ஓம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஒட்டாதது நீதான், மச்சான்" என்று சொல்லிவிட்டு வலைப்பக்கம் திரும்பினார். அடுத்த நாள் பார்த்தால் அவர் ஊருக்குச் சொன்னது நான் மீன் பெட்டிக்குள் காந்தம் தேடிய கதை. நீ அதில் இல்லவே இல்லை. பகிடி மட்டும்தான் கால் முளைத்து ஓடுகிறது. பின்னால் போய் உன் பேரைத் துப்புரவாக்க என் வாய் காணாது என்று அப்போது விளங்கியது. அதனால்தான் எழுதுகிறேன், அதனால்தான் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன். திருநாளுக்கு அடுத்த நாள் என் விறாந்தையில் என் மகள் சொன்னது முழுவதும் சரி. நான் சொன்னது பிழை. பிழை என்று அன்றே தெரிந்துகொண்டு மூன்று வருடம் மறைத்தேன். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்தால் யார்ட்டுக்கு வந்து என்னிடம் கேட்கட்டும், உன்னிடம் வேண்டாம்.

கலியாணம் முடிக்கப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதோ தெரியாது, ஆனாலும் நான் பட்டதைச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் சொன்னது சரி என்று தெரிந்தால், தெரிந்த அந்த நேரத்திலேயே, கையில் ஈரம் காய முதல் போய்ச் சொல்லு. அடுத்த நாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், அடுத்த கிழமை சொல்ல வாயே வராது. மற்ற ஆட்களுக்கு முன்னால் அவரைச் சிரிக்க வைக்கலாம், அவரை வைத்துச் சிரிக்க வைக்காதே. அவர் அப்படிச் செய்தால், அன்றைக்கு என்னிடம் செய்ததைப் போலப் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போகாதே. போட்டு உடைத்துக் கேள். நீ அன்றைக்கு அந்த வில்லையைக் கொண்டுவந்து இது ஏன் நனைந்திருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஆனால் இந்த மூன்று வருடம் இருந்திருக்காது. இதைச் சொல்லிக் குற்றத்தை உன் பக்கம் தள்ளப் பார்க்கவில்லை. கேட்கிற தைரியம் உனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தது, அதை அடித்து உட்கார வைத்தவன் நான்தான்.

உன் நிபந்தனைக்கு நான் ஓம். கண்டியில் உன் பேராசிரியரோ சிநேகிதர்களோ என்னிடம் வந்து உங்கள் மகளின் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், அவவிடம் கேளுங்கோ, நானும் நின்று கேட்கிறேன் என்று மட்டும் சொல்வேன். கோயிலுக்குள் உன் கையைப் பிடித்துக்கொண்டு வர எனக்கு ஆசை இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு மறைப்பு, ஆகவே எழுதுகிறேன். ஆனால் கேட்கவில்லை. அம்மாவின் தம்பியைக் கேட்டிருக்கிறாய் என்று அறிந்தேன், அவன் நல்லவன், அவனோடு வா. நான் எந்த வரிசை வாங்கில் இருந்தாலும் சரி.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன், மற்றதை மலரைப் போடுகிற பங்கு ஃபாதரின் கையில் கொடுத்திருக்கிறேன். எந்த வரி வேண்டாமோ அதை வெட்டு, ஏன் என்று கேட்க மாட்டேன். முழுவதும் வேண்டாம் என்றால் முழுவதையும் கிழி. ஃபாதர் என்னிடம் கேட்டார், பிள்ளையிடமிருந்து ஒரு பதிலும் வராவிட்டால் அச்சுக்குக் கொடுக்கலாம்தானே என்று. கொடுக்க வேண்டாம் என்றேன். உன் வாயால் ஓம் என்று வந்தால் மட்டும் கொடுக்கச் சொன்னேன். நீ பேசாமல் இருந்தால் அது ஓம் அல்ல என்று அவருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

உன் அப்பா